ரொட்டித்தூள் பூசிய காய்கறிகள் ஏர் ஃபிரையரில் ஏன் வெளிறிப் போகின்றன?

சிறுதீ

அனைவருக்கும் வணக்கம். காலிஃபிளவர், கத்தரிக்காய், காளான் ஆகியவற்றை மாவில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டி, ஏர் ஃபிரையரில் வைத்து எடுக்கும் முறையைப் பற்றி அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டறிய விரும்புகிறேன். கண்ணில் படும் குறிப்புகள் பெரும்பாலும் ‘எண்ணெய் தெளித்து 200 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள்’ என்பதோடு முடிந்துவிடுகின்றன. அப்படியே செய்தால், துண்டுகளின் முனைகள் கருகத் தொடங்கும் நேரத்திலும் நடுப்பகுதி வெளிறியே இருக்கிறது. அங்கங்கே பச்சை மாவு வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. கடித்தால் மேலோடு ஒருபுறம் கழன்று வர, உள்ளே இருக்கும் காய் ஈரமாக மறுபுறம் நழுவுகிறது.

எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. ஆகவே அது இல்லாத வழியாக இருந்தால் நல்லது. வெப்பநிலையைக் கூட்டுவதா, நேரத்தைக் கூட்டுவதா, எண்ணெயைக் கூட்டுவதா? காரணத்தோடு விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

உப்புக்கல்

சிறுதீ அவர்களே, நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் கூடைக்குள் போவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து. அதை விளக்க, இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயரில் பொரித்தல் இருந்தாலும், ஏர் ஃபிரையர் என்பது மேலே ஒரு சூடேற்றும் சுருளும் அதற்கு மேல் வேகமாகச் சுழலும் விசிறியும் கொண்ட சின்னஞ்சிறிய ஓவன்தான். 2010ஆம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனம் இந்தப் பெயரில் தன் கருவியை அறிமுகப்படுத்தியதிலிருந்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வாணலியில் 175 முதல் 190 டிகிரி வரை காய்ந்த எண்ணெய், துண்டின் ஒவ்வொரு மடிப்பிலும் இடுக்கிலும் புகுந்து, தொட்ட இடத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் வெப்பத்தைக் கொடுக்கிறது. மேற்பரப்பில் உள்ள நீர் உடனே கொதித்துக் குமிழிகளாக வெளியேறிவிடுவதால், உள்ளே இருக்கும் ஈரம் மேலே வந்து சேர்வதற்குள் மேலோடு இறுகிவிடுகிறது. காற்றோ, அது எவ்வளவு வேகமாக வீசினாலும், எண்ணெய் கொடுக்கும் வெப்பத்தில் ஒரு சிறு பங்கைத்தான் அதே நேரத்தில் கொடுக்க முடியும். எண்ணெயில் நொடிகளில் நடக்கும் உலர்தல் காற்றில் பல நிமிடங்கள் இழுக்கிறது. அந்த நிமிடங்கள் முழுவதும் காயிலிருந்து கசியும் நீர் ரொட்டித்தூளை நனைத்துக்கொண்டே இருக்கிறது.

இதற்கும் நிறத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மேற்பரப்பில் ஈரம் இருக்கும் வரை அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் தோன்றுவதற்கோ ஏறத்தாழ 140 டிகிரியும் அதற்கு மேலும் வேண்டும். முனைகள் மெல்லியவை என்பதால் முதலில் காய்ந்து, முதலில் நிறம் மாறி, முதலில் கருகுகின்றன. நடுப்பகுதி அப்போதும் தன் ஈரத்தோடு போராடிக்கொண்டிருக்கிறது. வெப்பநிலையைக் கூட்டினால் முனைகள் இன்னும் விரைவாகக் கருகும். நேரத்தைக் கூட்டினால் காய் குழைந்து இன்னும் அதிக நீரை விடும்.

எனவே எண்ணெய் ஒரே நேரத்தில் செய்துமுடிக்கும் இரண்டு வேலைகளையும் நாம் பிரித்து முன்கூட்டியே செய்துவிட வேண்டும். முதலாவது, ரொட்டித்தூளைக் காயின் மேல் ஒட்டுவதற்கு முன்பே எண்ணெய் சேர்த்து வறுத்துக்கொள்வது. இரண்டாவது, காயின் நீரைக் குறைத்துக்கொள்வது. இவ்விரண்டும் முடிந்திருந்தால், காயைச் சூடாக்கி வேகவிட்டு மேலோட்டை இறுதியாக உலர்த்துவது மட்டுமே கருவிக்கு மிஞ்சும். அதை அது மிக நன்றாகச் செய்யும்.

வறுக்கும் முறை இதுதான். 100 கிராம் ரொட்டித்தூளுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 20 கிராம் எண்ணெய். அகலமான வாணலியில் இரண்டையும் குளிர்ந்த நிலையிலேயே போட்டு, எண்ணெய் எல்லாத் துகள்களிலும் படும்படி விரல் நுனிகளால் பிசறிக்கொள்ளுங்கள். அதன் பிறகு மிதமான தீயை ஏற்றுங்கள். முதல் ஓரிரு நிமிடங்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. தூள் சற்றே கனமாக, ஈரமணல் போல் புரளும். பிறகு ரொட்டியின் மணம் எழும், கரண்டியின் கீழ் சலசலவென்ற ஓசை கேட்கும், துகள்களின் ஓரங்களில் நிறம் ஏறும். அந்தக் கட்டத்திலிருந்து கையை நிறுத்தாமல் கிளற வேண்டும், ஏனெனில் வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்புக்குப் போக அரை நிமிடம் போதும். நீங்கள் விரும்பும் இறுதி நிறத்துக்கு ஒரு படி முன்பாகவே இறக்கி, உடனே அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டில் வறுபடுவது தொடரும். முழுவதும் ஆறிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

வெண்கலக்கிண்ணம்

உப்புக்கல் அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மறுப்பு உண்டு. ஏற்கெனவே வறுத்த தூளை மீண்டும் 200 டிகிரியில் வைத்தால் அது கருகிக் கசக்காதா? பூசிய பிறகு எண்ணெயை நன்றாகத் தெளித்தாலே நிறம் வந்துவிடும் என்பது என் அனுபவம். இன்னொரு பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது, எளிமைக்காக வாங்கிய கருவியின் நோக்கத்துக்கே எதிரானது என்றும் தோன்றுகிறது.

உப்புக்கல்

நியாயமான கேள்வி. கருகும் என்பது 200 டிகிரியிலேயே வைத்தால் உண்மைதான். நிறத்தைக் கொண்டுவரும் பொறுப்பு கருவிக்கு இல்லை என்றான பிறகு அவ்வளவு வெப்பம் எதற்கு? 180 டிகிரி போதுமானது. அந்த வெப்பத்தில் காய் வேகத் தேவையான நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்; மேலோடு அதற்குள் ஒரு படி மட்டுமே நிறம் கூடும். வறுக்காத தூளில் நிறம் வரும் நேரமும் காய் வேகும் நேரமும் ஒன்றாகப் பொருந்த வேண்டியிருக்கிறது. வறுத்த தூளில் அந்தக் கட்டாயம் நீங்கிவிடுகிறது. எனக்கு இதுவே இந்த முறையின் மிகப் பெரிய பயன்.

தெளிப்பதைப் பொறுத்தவரை, எண்ணெய்த் துளி விழுந்த இடம் நிறம் மாறும், விழாத இடம் மாறாது. காலிஃபிளவர் பூவின் அடிப்பக்கத்துக்கும் காம்புகளுக்கு இடையிலும் தெளிப்பானின் துளிகள் சென்று சேர்வதில்லை. எல்லா இடமும் நனையும் அளவுக்குத் தெளித்தால், பிசறும்போது செலவாகும் எண்ணெயைவிடக் கூடுதலாகவே செலவாகிறது. மெல்லிய தட்டையான கத்தரிக்காய் வட்டங்களுக்குத் தெளிப்பு போதும் என்பதை ஏற்கிறேன், ஏனெனில் அவற்றுக்கு இரண்டே முகங்கள்தான். வறுத்த தூளை முழுவதும் ஆறவிட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் சில நாட்களுக்குக் கெடாது என்பதால், ஒவ்வொரு முறையும் வாணலியை ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை.

பொடிவாசம்

தூளின் தன்மையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கடைகளில் கிடைக்கும் நைஸான ரொட்டித்தூள் நெருக்கமாக ஒட்டிக்கொள்ளும். பார்க்க அழகான, வழவழப்பான மேலோட்டைக் கொடுக்கும். ஆனால் காற்றில் வேகும் காய்க்கு அந்த நெருக்கமே பாதகமாகிறது, ஏனெனில் உள்ளிருந்து வரும் நீராவி வெளியேற வழியின்றி மேலோட்டின் அடியிலேயே தங்கி அதைத் தளர்த்துகிறது. ஜப்பானியர்களின் பாங்கோ தூள் இதற்கு நேர்மாறானது. அதற்கான ரொட்டியின் மாவை மின்சாரம் பாய்ச்சி வேகவைப்பதால் ரொட்டிக்குப் பழுப்பு நிற மேல்தோலே உண்டாவதில்லை; அதைச் சீவிக் காயவைக்கும்போது பொடியாக உதிராமல் மெல்லிய, கூரிய செதில்களாக வருகிறது. செதில்களுக்கு இடையே இடைவெளி இருப்பதால் ஆவி வெளியேறுகிறது. செதில்களின் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் காற்று அவற்றைச் சுற்றிலும் பட்டு நன்றாக உலர்த்துகிறது.

பாங்கோ கிடைக்காவிட்டால் கவலை இல்லை. இனிப்பில்லாத வெள்ளை ரொட்டியின் ஓரங்களை நீக்கி, துண்டுகளை ஒரு நாள் திறந்து வைத்துச் சற்று இறுகவிட்டு, பெரிய துளையுள்ள துருவியில் துருவுங்கள். பிறகு 120 டிகிரி அளவில் நிறம் மாறாமல் காயவைத்தால், அதற்கு மிகவும் நெருங்கிய தூள் கிடைக்கும். மிக்ஸியில் அரைப்பதாக இருந்தால் இரண்டு மூன்று சுற்றுகளோடு நிறுத்திவிட வேண்டும். இனிப்பு ரொட்டியையும் பால் ரொட்டியையும் தவிருங்கள். அவற்றில் உள்ள சர்க்கரை மற்றெல்லாவற்றுக்கும் முன்பாகக் கருகிவிடும்.

செதில் மட்டும் போட்டால் அங்கங்கே காய் தெரியும் என்று குறைப்படுபவர்கள், மூன்று பங்கு செதிலுக்கு ஒரு பங்கு நைஸான தூளைக் கலந்துகொள்ளலாம். பூசும்போது உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள், ஆனால் நசுக்கிவிடாதீர்கள்.

மசாலாவுக்கான இடம் தூளில் இல்லை. மிளகாய்த்தூள், பூண்டுப்பொடி, உலர்ந்த மூலிகைகள் ஆகியவை ரொட்டியைவிட விரைவாகக் கருகும். அவற்றை மாவுக் கரைசலில் சேர்த்தால் மேலோட்டின் அடியில் பாதுகாப்பாக இருந்துகொண்டு மணத்தையும் கொடுக்கும்.

தாளிப்பு

காயின் நீரைக் குறைக்க வேண்டும் என்று உப்புக்கல் அவர்கள் ஒரு வரியில் சொல்லிச் சென்றுவிட்டார். எனக்கு இதுவே எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவதால், ஒவ்வொரு காயாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

வெள்ளரிபோல் நீண்ட பூசணி வகையான சுக்கினியின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். காளான், காலிஃபிளவர், கத்தரிக்காய் மூன்றும் 92 விழுக்காட்டை ஒட்டியவை. வெங்காயம் 89, உருளைக்கிழங்கு 80க்குச் சற்றுக் குறைவு. ஆனால் இந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. காளானும் காலிஃபிளவரும் அளவில் ஒத்த நீரைக் கொண்டிருந்தாலும், காளான் சூடு பட்ட சில நிமிடங்களில் அதைக் கொட்டிவிடுகிறது. காலிஃபிளவர் தன் உறுதியான திசுக்களில் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

கத்தரிக்காயும் சுக்கினியும் உப்பு முறைக்கு ஏற்றவை. ஒரு சென்டிமீட்டர் பருமனில் அரிந்து, கால் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவி, வடிதட்டில் அரை மணி நேரம் வையுங்கள். துண்டின் முகத்தில் முத்து முத்தாக நீர் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, கீழே வடிவதைக் காணலாம். பிறகு சுத்தமான துணிக்கு இடையே வைத்து அழுத்தித் துடைக்க வேண்டும். கழுவினால் செய்த வேலை எல்லாம் வீணாகும். கத்தரிக்காயின் சதை காற்றறைகள் நிறைந்தது. உப்பு அந்த அறைகளைச் சரியவைப்பதால், மாவுக் கரைசலை அது உறிஞ்சிக்கொள்வதும் குறைகிறது. இந்த உப்பே சுவைக்கும் போதும் என்பதால் கரைசலில் மேலும் சேர்க்க வேண்டாம்.

காளானுக்கு உப்பு உதவாது. ரொட்டித்தூள் எதுவும் இல்லாமல், வெறுமையாக 180 டிகிரியில் 5 அல்லது 6 நிமிடம் வைத்தெடுத்தால், கூடையின் அடியில் நீர் வடிந்திருப்பதையும் காளான் சுருங்கியிருப்பதையும் பார்ப்பீர்கள். ஆறவைத்துத் துடைத்து, அதன் பிறகு பூசுங்கள். சிறுதீ அவர்கள் சொன்ன ‘மேலோடு ஒருபுறம், காய் மறுபுறம்’ என்ற நிலைக்குக் காரணமும் இதுதான்: பூச்சு இறுகிய பிறகு காளான் உள்ளே சுருங்கிவிடுவதால் இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டாகி, அதில் நீர் தேங்குகிறது. சுருங்க வேண்டியதை முன்பே சுருங்கவிட்டால் அந்த வெற்றிடம் வராது.

காலிஃபிளவரைச் சிறு பூக்களாகப் பிரித்து, கொதிக்கும் உப்பு நீரில் 2 நிமிடம் மட்டும் விட்டு வடித்துவிட வேண்டும். வடித்தவுடன் மூடி வைக்காமல், காம்பு மேலாகவும் பூ கீழாகவும் துணியில் கவிழ்த்து வைத்தால் இடுக்குகளில் தங்கிய நீர் இறங்கிவிடும். தன் சூட்டிலேயே ஆவி பறந்து மேற்பரப்பும் உலரும். கையால் தொட்டால் ஈரம் ஒட்டாத நிலை வரும் வரை பொறுத்திருங்கள். பீன்ஸுக்கும் இதே வழிதான், ஒரு நிமிடம் போதும். கேரட்டும் உருளைக்கிழங்கும் முக்கால் பதம் வெந்திருக்க வேண்டும். பச்சையாகப் பூசினால் அவை வேகும் முன் மேலோடு எல்லையைக் கடந்துவிடும். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்த பிறகே அரிய வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே.

வெங்காய வளையங்களில் பூச்சு வழுக்குவதாகப் பலர் சொல்கிறார்கள். ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. நகத்தால் கிள்ளி இழுத்தால் முழுதாக உரிந்து வரும். அதை நீக்கிவிட்டால் மாவு கெட்டியாகப் பிடிக்கும்.

சிறுதீ

தாளிப்பு அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. முட்டைக்கு மாற்றாக எதைப் பயன்படுத்தலாம் என்பதையும், பச்சை மாவு வெள்ளைத் திட்டாகத் தெரிவது எதனால் என்பதையும் யாரேனும் விளக்க முடியுமா?

பொடிவாசம்

வெள்ளைத் திட்டுக்குக் காரணம் முதல் அடுக்கில் தங்கிய உலர்ந்த மாவு. காயின் மேல் முதலில் மாவைத் தூவுவது, மிச்ச ஈரத்தை உறிஞ்சிக் கரைசலுக்குப் பிடிமானம் கொடுப்பதற்காகத்தான். அது கண்ணுக்குத் தெரியாத படலமாக இருந்தால் போதும். மைதாவுக்குப் பதில் கார்ன்ஃப்ளார் என்று கிடைக்கும் சோள மாவைச் சல்லடையில் சலித்துத் தூவி, ஒவ்வொரு துண்டையும் விரலால் தட்டி உதறுங்கள். மடிப்புகளில் ஒளிந்திருக்கும் மாவு கரைசலில் நனையாமல் தப்பிவிட்டால், எண்ணெய்ச் சட்டியில் எண்ணெய் அதை நனைத்துவிடும். காற்றோ அதை அப்படியே விட்டுவிடும்.

கரைசலுக்கு நான் பரிந்துரைப்பது 4 மேசைக்கரண்டி மைதா, 2 மேசைக்கரண்டி சோள மாவு, ஏறத்தாழ 80 மில்லி குளிர்ந்த நீர். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் அந்தக் கோடு கலையாமல் நிற்கும் பதம் வேண்டும். தேவைப்பட்டால் நீரைச் சற்றுக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். முட்டையின் புரதம் 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கிவிடும். ஆனால் மாவின் ஸ்டார்ச் ஏறத்தாழ அதே வெப்பநிலையில் நீரைக் குடித்துப் பசையாகிறதே தவிர, அந்த நீர் வெளியேறும் வரை மென்மையாகவே இருக்கும். ஆகவே முட்டையில்லாத கரைசல் மெல்லிய அடுக்காக இருப்பது மிகவும் அவசியம். துண்டைக் கரைசலிலிருந்து எடுத்து, சொட்டுவது நிற்கும் வரை பிடித்திருந்து, அதன் பின்னரே தூளில் இடுங்கள்.

கொண்டைக்கடலை வேகவைத்த நீரும் மிகச் சிறந்தது. கடலையிலிருந்து கரைந்த புரதமும் ஸ்டார்ச்சும் அதில் இருப்பதால் பிசுபிசுப்பாக ஒட்டும். ஒரு முட்டைக்கு 3 மேசைக்கரண்டி என்பது பொதுவான கணக்கு. நீர்த்திருந்தால் கொதிக்கவைத்துச் சுண்டவைத்துக்கொள்ளலாம். ஆளிவிதைப் பொடி 1 மேசைக்கரண்டிக்கு 3 மேசைக்கரண்டி நீர் விட்டு 10 நிமிடம் ஊறவைத்தால் கிடைக்கும் கூழும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பழுப்புப் புள்ளிகள் தெரியும். கெட்டித் தயிரைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. நிறம் அழகாக வரும். அடுக்கு தடித்துவிட்டால் உள்ளே கொழகொழப்பாகவே தங்கிவிடும்.

ஒரு கை ஈரத்துக்கு, மறு கை உலர்ந்த தூளுக்கு என்று வைத்துக்கொண்டால் விரல்களில் உருண்டை திரளாது. பூசி முடித்த துண்டுகளைக் கம்பித் தட்டில் 15 நிமிடம் அப்படியே வைப்பதைத் தவிர்க்காதீர்கள். அந்த நேரத்தில்தான் கரைசல் தூளின் அடிப்பக்கத்தை நனைத்துப் பிடித்துக்கொள்கிறது. இல்லையெனில் விசிறிக் காற்றில் தூள் பறந்து மேலே இருக்கும் சுருளில் ஒட்டிப் புகையும்.

புதினா இலை

ரொட்டித்தூளே இல்லாமல், கெட்டியான மாவுக் கரைசலில் தோய்த்து நேரடியாகக் கூடையில் வைக்கலாமா?

உப்புக்கல்

வேண்டாம். கரைசல் இறுகுவதற்கு முன்பே கூடையின் துளைகளில் வழிந்துவிடும். எஞ்சியது தோல் போல் உலரும். உப்பலையும் குமிழிகளையும் கொடுப்பது எண்ணெயின் உடனடி வெப்பம். அதற்கு இந்தக் கருவியில் மாற்று இல்லை.

வெண்கலக்கிண்ணம்

வறுத்த தூளைச் செய்து பார்த்தேன். காலிஃபிளவரின் அடிப்பக்கத்தைப் பற்றி உப்புக்கல் அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. காம்பு இடுக்குகள் வரை ஒரே நிறம் வந்தது. 180 டிகிரியில் 12 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பினேன்.

கருவியைக் கையாள்வது குறித்து நானும் சிலவற்றைச் சேர்க்கிறேன். வெறும் கூடையை 3 அல்லது 4 நிமிடம் முன்னதாகச் சூடேற்றினால், துண்டு வைத்தவுடனே அடிப்பக்கமும் இறுகத் தொடங்கி, கம்பியில் ஒட்டாமல் எழும்பி வரும். துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காக இருக்க வேண்டும். அடுக்கி வைத்தால் காற்று போக வழியில்லாமல், கீழே இருப்பவை மேலே இருப்பவற்றின் ஆவியில் வெந்துவிடும். வெட்டிய உருளைக்கிழங்குக்குச் செய்வதுபோல் கூடையைக் குலுக்கக் கூடாது. இடுக்கியால் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும், அதுவும் பாதி நேரம் கடந்து மேல்முகம் இறுகிய பிறகே.

சூடேற்றும் சுருள் மேலே இருப்பதால், உயரமான துண்டின் தலை விரைவில் கருகும். எனவே எல்லாத் துண்டுகளையும் ஒரே உயரத்தில் வெட்டுவது நல்லது. பேக்கிங் தாள் விரிப்பவர்கள் இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம்: துளையில்லாத தாள் கீழிருந்து வரும் காற்றைத் தடுத்து அடியை ஈரமாக்கும், காலிக் கூடையில் தாளை மட்டும் வைத்துச் சூடேற்றினால் அது பறந்து சுருளைத் தொட்டுத் தீப்பற்றக்கூடும். எண்ணெய் தெளிப்பவர்கள் சாதாரண எண்ணெயை நிரப்பிய தெளிப்பானையே பயன்படுத்துங்கள். அழுத்தக் குப்பிகளில் வரும் சில வகைகளில் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் சேர்ந்திருக்கும். அது ஒட்டாப் பூச்சின் மேல் பிசினாகப் படிந்துவிட்டால் தேய்த்து எடுப்பதற்குள் பூச்சே கெட்டுவிடும்.

தாளிப்பு

வேகவைத்து மசித்த காய்களில் செய்யும் கட்லெட்டைப் பற்றி ஒரு சொல். உருளைக்கிழங்கைத் தோலோடு முழுதாக வேகவைத்து, உரித்தவுடன் சூட்டிலேயே உதிர்த்து, ஆவி பறக்கவிட்டு, முழுவதும் ஆறிய பின் பிசைய வேண்டும். வெட்டிப்போட்டு வேகவைத்தால் அது குடிக்கும் நீர் முழுவதும் பின்னால் விரிசலாக வெளிப்படும். பிசைந்ததில் வறுத்த தூளையே ஒரு கைப்பிடி சேர்த்தால் மிச்ச ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். ஒன்றரை சென்டிமீட்டர் பருமனில் தட்டி, குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து, பிறகு பூசினால் ஓரங்கள் பிளப்பதில்லை. உள்ளே இருப்பவை எல்லாம் ஏற்கெனவே வெந்தவை என்பதால் இவற்றுக்கு 190 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் போதும்.

புதினா இலை

தூளிலேயே எண்ணெய் சேர்த்து வறுத்தால், எண்ணெயைக் குறைப்பதற்காக இந்தக் கருவியை நாடுபவர்களுக்கு என்ன பயன்? அதிகமாகப் பழுப்பேறிய உணவு உடலுக்கு நல்லதல்ல என்றும் சொல்கிறார்களே?

உப்புக்கல்

கணக்குப் போட்டே பார்க்கலாம். 20 கிராம் எண்ணெயில் 180 கலோரி இருக்கிறது. அந்தத் தூளை 4 பேருக்கான காய்களுக்குப் பூசினால் ஆளுக்கு 5 கிராம் எண்ணெய், 45 கலோரி. தட்டில் மிஞ்சும் தூளைக் கழித்தால் அதைவிடக் குறைவு. எண்ணெயில் மூழ்கிப் பொரியும் பண்டமோ, நீர் வெளியேறிய இடங்களில் எல்லாம் எண்ணெயை வாங்கிக்கொள்கிறது; அதிலும் பெரும்பகுதி, சட்டியிலிருந்து எடுத்து ஆறும்போது மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த அளவு நம் கையில் இல்லை. இங்கே எண்ணெய் எவ்வளவு என்பதை நாம் கரண்டியால் அளந்து தீர்மானிக்கிறோம்.

பழுப்பு நிறம் பற்றிய கவலைக்கு அடிப்படை உண்டு. ஸ்டார்ச் நிறைந்த உணவு 120 டிகிரிக்கு மேல் சூடாகும்போது, அதில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரைகளும் வினைபுரிந்து அக்ரிலமைடு என்ற பொருள் உருவாகிறது என்பதை ஸ்வீடன் அறிவியலாளர்கள் 2002ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள் அது. எண்ணெயில் பொரித்தாலும், காற்றில் சுட்டாலும், ரொட்டியை வாட்டினாலும் அது உருவாகும் என்பதால், கருவியை மாற்றுவதால் மட்டும் தப்பிவிட முடியாது. நிறத்தைப் பொன் மஞ்சளோடு நிறுத்துவதே நாம் செய்யக்கூடியது. தூளை ஒரு படி முன்பாக இறக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். உருளைக்கிழங்குத் துண்டுகளை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து வடித்தால் மேற்பரப்பில் உள்ள சர்க்கரை கரைந்து வெளியேறுவதால் அங்கேயும் கொஞ்சம் குறையும்.

சிறுதீ

இறுதியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விருந்தினர் வரும் நாளில் முன்கூட்டியே செய்து வைக்க வழி உண்டா? எங்கள் கூடை சிறியது. ஒரே அடுக்கு என்றால் பலமுறை வைத்தெடுக்க வேண்டியிருக்கும்.

தாளிப்பு

உண்டு. பூசிய துண்டுகளைத் தட்டில் இடைவெளி விட்டுப் பரப்பி, உறைபெட்டியில் கல்போல் இறுகும் வரை வைத்து, அதன் பின் பையில் போட்டு மூடிவிடுங்கள். முதலிலேயே பையில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வைக்கும் நாளில் உருகவிடாமல் நேராகக் கூடையில் இட்டு, வழக்கமான நேரத்தைவிட 3 அல்லது 4 நிமிடம் கூடுதலாக வையுங்கள். உருகவிட்டால் உறைந்த நீர் முழுவதும் பூச்சில் இறங்கிவிடும். காலிஃபிளவர், பீன்ஸ், கட்லெட் ஆகியவை இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். கத்தரிக்காயையும் சுக்கினியையும் உறையவைக்க வேண்டாம். பனிப்படிகங்கள் அவற்றின் திசுக்களைக் கிழித்துவிடுவதால், வேகும்போது உப்பிட்டு வடித்ததற்கும் மிஞ்சிய நீரை விடும்.

அன்றே செய்வதாக இருந்தால், ஒவ்வொரு தொகுதியையும் 2 நிமிடம் முன்னதாக எடுத்துக் கம்பித் தட்டில் திறந்தே வைத்துவாருங்கள். மூடினாலோ ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தாலோ அவற்றின் ஆவியே மேலோட்டை இளக்கிவிடும். எல்லாத் தொகுதிகளும் முடிந்த பிறகு, பரிமாறும் நேரத்தில் 190 டிகிரியில் 2 அல்லது 3 நிமிடம் மீண்டும் வைத்தால் போதும். மேலோடு ஏற்கெனவே உலர்ந்திருப்பதால் இந்தச் சுற்றில் மட்டும் துண்டுகளைச் சற்று நெருக்கமாக வைக்கலாம். சாஸை மேலே ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள்.